அமந்தானித் தீவில் ஒரு ராத்திரி: கிராம வாழ்க்கையா, காட்சியா?

மலைநாடோடி:
பெருவிலிருந்து போன வாரம்தான் திரும்பினேன். டிட்டிகாகா ஏரியின் அமந்தானித் தீவில் ஒரு குடும்பத்தோடு ஒரு ராத்திரி தங்கினேன். ஏரி மட்டமே கடலுக்கு மேல் 3,812 மீட்டர் உயரம். நாலு படி ஏறினால் மூச்சு வாங்குது. சாப்பிட்டதும் ஊர்க் கூடத்துக்கு அழைத்துப்போய், பாஞ்சோ என்கிற கம்பளி மேலங்கியை மாட்டிவிட்டு ஆட வைத்தார்கள். முந்தின நாள் படகில் வந்தவர்களுக்கும் இதே ஆட்டம்தானாம். பகலெல்லாம் வயலில் குனிந்து நிமிர்ந்த அந்த அம்மா, கண் சொக்கச் சொக்க எங்களுக்காக ஆடினார். பார்க்கவே மனசு கேட்கலை. போகாதீங்க என்றுதான் சொல்வேன்.

கயல்:
ஒரு மணி நேர ஆட்டத்தை வைத்து ஊரையே எடை போடாதீங்க. நான் ஜூன் மாதம் அங்கே மூன்று நாள் இருந்தேன். வீட்டுக்குப் பின்னால் புல்மேல் பொடி உருளைக்கிழங்கைப் பரப்பியிருந்தார்கள். ராத்திரிப் பனியில் கல்லாய் இறுகும், வெயிலில் இளகும். இளகினதும் வெறுங்காலால் மிதித்துத் தண்ணீரை வெளியேற்றணும். பாட்டி என் கையைப் பிடித்து என்னையும் மிதிக்க விட்டார். பாதம் மரத்துப்போகிற குளிர். விரலிடுக்கில் தோல் வழுக்கி உரியுது. காயவைத்தால் அதுதான் சுன்யோ, வருஷக்கணக்கில் கெடாது. நான் போகாட்டியும் அந்தக் கிழங்கு அந்தப் பனியில் கிடந்திருக்கும். அது எப்படிக் காட்சியாகும்?

வழிப்போக்கன்:
காசு யார் கைக்குப் போகுது என்று பாருங்க. ஏரிக்கரை நகரமான பூனோவில் ஒரு ஏஜென்ட்டிடம் காசு கட்டிவிட்டுப் போனேன். வீட்டம்மாவிடம் கேட்டால், அதில் பாதிகூட அவர் கைக்கு வரலை. பக்கத்துத் தீவான தக்கீலேயில் 1980களில் படகுகளே தீவுக்காரர்களுடையவை. யார் வீட்டில் யார் தங்குவது என்பதையும் முறை வைத்து அவர்களே பிரித்தார்கள். 1990களில் படகு விடும் அந்தத் தனி உரிமை சட்டப்படி போனது, பூனோ ஏஜென்சிகள் உள்ளே வந்தன. பூனோ படகுத்துறையில் ஊர்ப் படகு நிற்கும். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஆனாலும் அதில் போய், வீட்டுக்காரர் கையிலேயே காசைக் கொடுங்க.

மலைநாடோடி:
அதை ஏற்கிறேன். ஆனால் காசு நேராகப் போனாலும், காசுக்காக உடுத்தி ஆடுவது மாறாதே?

கயல்:
உடுப்பு உங்களுக்காக என்று யார் சொன்னது? தக்கீலேயில் ஆண்கள் நடந்துகொண்டே தொப்பி பின்னுவார்கள். மேல்பாதி வெள்ளை என்றால் கல்யாணம் ஆகாதவர், முழுச் சிவப்பு என்றால் ஆனவர். அது ஊருக்குள் ஒருத்தரை ஒருத்தர் தெரிந்துகொள்ள. நீங்க போகாவிட்டால் அந்த அம்மாவுக்குத் தூக்கம் கிடைக்கும், சரி. பூனோவில் படிக்கிற பிள்ளைக்கு வாடகை?

மலைநாடோடி:
அப்போ தங்குவோம், காசு கொடுப்போம். ஆட்டம் வேண்டாம் என்று முன்னமே சொல்லிவிடலாமே.

கயல்:
அதையும் அவங்களைக் கேட்டுட்டுச் சொல்லுங்க. நான் தங்கின வீட்டுப் பெண் அன்றைக்கு அவசர அவசரமாகப் பாத்திரம் தேய்த்தாள். மேட்டுத்தெருவில் கட்டிக்கொடுத்த தன் அக்காவை அந்தக் கூடத்தில்தான் பார்க்க முடியுமாம்.