நெல்லையில் இருந்துகொண்டு சென்னை ரேட் கேட்கலாமா?

பாளை_டிசைனர்:
எல்லோருக்கும் வணக்கம். நெல்லை வண்ணார்பேட்டையில் ஒரு டிசைன் ஆபீசில் மூணு வருஷம் இருந்தேன். சித்திரையிலிருந்து தனியாகச் செய்கிறேன். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடுகிற ஒரு குடும்பத்தார் பாக்கெட் டிசைன் கேட்டார்கள். லோகோவும் நாலு அளவு பாக்கெட்டும் சேர்த்து 12,000 சொன்னேன். "வீட்டு வாடகை எவ்வளவு தம்பி?" என்றார் பெரியவர். சொந்த வீடுதான் என்றேன். "அப்புறம் என்னத்துக்கு இம்புட்டு?" பதில் வரவில்லை. காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். ஊரில் இருக்கிறேன் என்பதற்காக ரேட்டைக் குறைக்கணுமா?

டவுண்_அண்ணாச்சி:
குறைக்கத்தான் வேணும். 22 வருஷமா டவுண்ல பிரஸ் வச்சிருக்கேன், சொல்லுதேன் கேளு. நம்ம ஊர்ல டிசைனுக்குன்னு தனியாத் துட்டு குடுக்கிற வழக்கமே கிடையாது. பிளக்ஸ் அடிச்சா டிசைன் சும்மா. கல்யாணப் பத்திரிகை அடிச்சா டிசைன் சும்மா. ஆனித் தேரோட்டத்துக்கு ராவோட ராவா நாப்பது பிளக்ஸ் போடுதோம், டிசைன் சார்ஜுன்னு பில்லுல ஒரு வரி எழுதினதில்ல. 3,000க்கு முடிச்சுக் குடு. அவுக நாலு பேர்ட்ட சொல்லுவாக. இங்க ஆள் பழக்கம்தான் முதலு.

அம்பைக்காரி:
மன்னிக்கணும் அண்ணாச்சி. 3,000க்கு முடித்தால் அந்த நாலு பேரும் 3,000 என்று சொல்லிக்கொண்டேதான் வருவார்கள். மொழிபெயர்ப்பில் நான் அப்படி இரண்டு வருஷம் ஓட்டினேன். வேலை மலை மாதிரி, கையில் ஒன்றும் நிற்காது.

தம்பி, கணக்கைப் பாருங்கள். மாதம் 25 நாள், தினம் 8 மணி நேரம் என்றால் 200 மணி. அதில் காசு வருகிற வேலை பாதி இருந்தாலே அதிசயம். மீதியெல்லாம் கொட்டேஷன், போன், "அந்தச் சிவப்பைக் கொஞ்சம் தூக்கலா வைங்க", பாக்கி வசூல். மாதம் 40,000 வேண்டும் என்றால் அந்த 100 மணிக்கு, மணிக்கு 400. நீங்கள் சொன்ன வேலை திருத்தத்தோடு 30 மணி நேரம் இழுக்கும். ஆக 12,000. இதில் வாடகை எங்கே வந்தது? வீடு உங்கள் அப்பா சம்பாதித்தது. அதை அப்பளக் கம்பெனிக்கு எதற்குத் தள்ளுபடியாகக் கொடுக்கணும்? 2023 டிசம்பர் வெள்ளத்தில் அஞ்சு நாள் எனக்குக் கரண்டும் இல்லை, நெட்டும் இல்லை. அந்த அஞ்சு நாளுக்கும் இந்த 400தான் சோறு போட்டது.

மேலப்பாளையம்_99:
லோக்கலை விடுங்க ப்ரோ, ஃபைவர்னு ஃப்ரீலான்ஸ் வேலை பிடிக்கிற வெப்சைட் இருக்கு, அங்க போங்க. டாலர்ல வரும்.

அம்பைக்காரி:
100 டாலருக்கு 20 டாலர் அவர்களுக்கு. வேலை முடிந்தாலும் புது ஆளுக்குப் பணம் கைக்கு வர 14 நாள். முதல் ரிவியூ வாங்குவதற்குள் கண் பூத்துவிடும்.

மேலப்பாளையம்_99:
ஆனா அங்க வாங்குறவன் முதல்லயே கட்டிடுறான். "தை பொறக்கட்டும் தம்பி"ன்னு எவனும் சொல்றதில்லையே.

பாளை_டிசைனர்:
அதுதான் என் பயமும். ஒரு நகைக்கடை வேலை, வைகாசியில் முடித்தது, இன்னும் பாதிப் பணம் வரவில்லை.

கணக்கு_பிள்ளை:
குறுக்கே வருகிறேன். ஆதாரை வைத்து உத்யம், அதாவது சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு, செய்துகொள்ளுங்கள், கட்டணம் கிடையாது. குறு நிறுவனத்துக்குத் தரவேண்டிய பணத்தை, எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளில் கொடுத்தாகணும். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல 3 மடங்கு கூட்டு வட்டி. ஜிஎஸ்டி பற்றி இப்போது கவலை வேண்டாம், சேவைக்கு வரம்பு வருஷம் 20 லட்சம்.

டவுண்_அண்ணாச்சி:
கேஸ் போட்டுட்டு நாளைக்கு அதே ஆளு வீட்டுக் கல்யாணப் பந்தியில எப்படிவே உக்காருவீரு? சட்டம் பேசுதது லேசு. அட்வான்ஸ் பாதி வாங்காம கம்ப்யூட்டரைத் தொறக்கப்பிடாது, அம்புட்டுதான்.

அம்பைக்காரி:
இதில் மட்டும் அண்ணாச்சி கட்சிதான் நானும். தம்பி, அவர்களிடம் விலையை எப்படிச் சொன்னீர்கள்?

பாளை_டிசைனர்:
வாட்ஸ்அப்பில் "மொத்தம் 12,000" என்று.

அம்பைக்காரி:
அப்படி அனுப்பினால் வாடகையைத்தான் கேட்பார்கள், அவர்களுக்கு வேறு என்ன தெரியும்? பழைய பாக்கெட் கையில் இருக்கிறதா? அதில் எது இல்லை என்று பாருங்கள். 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், எடை அதிகமானது முதலில் வரும்படி சேர்மானப் பட்டியல், சைவம் என்று காட்டும் பச்சைக் குறி, எல்லா வரியும் சேர்த்த விலை, தயாரித்த மாதம், புகார் சொல்ல ஒரு போன் நம்பர். ஒன்று விட்டுப்போனாலும் பெரிய கடைக்காரன் சரக்கைத் திருப்பிவிடுவான். பிளக்ஸ் கடையில் இதையெல்லாம் பார்த்துப் போட்டுத் தருவார்களா?

டவுண்_அண்ணாச்சி:
தாயி, எங்ககிட்ட குடுத்ததைத்தான் நாங்க அடிப்போம். அதுல என்ன இருக்குன்னு எங்களுக்கு என்ன தெரியும்?

அம்பைக்காரி:
நானும் அதைத்தானே சொல்கிறேன் அண்ணாச்சி.

பாளை_டிசைனர்:
(நாலு நாள் கழித்து) பழைய பாக்கெட்டைப் போட்டோ எடுத்து, விட்டுப்போனதை வட்டம் போட்டு அனுப்பினேன். மூணு இடம். லோகோவை இப்போதைக்கு ஒதுக்கிவிட்டு, நாலு பாக்கெட்டுக்கு 9,000, பாதி முன்பணம், இரண்டு முறை திருத்தம், மூன்றாவதுக்குத் தனிக் காசு என்று எழுதினேன். 12,000லிருந்து இறங்கியது சரியா என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

அம்பைக்காரி:
லோகோவை எடுத்துவிட்டு இறங்கினால் அது இறக்கமே இல்லை.

டவுண்_அண்ணாச்சி:
வெள்ளன போயிரு. உச்சி வெயிலுக்குள்ள அப்பளத்தைக் காயப்போடுத அவசரத்துல நிப்பாவ, ஒருத்தரும் முகம் குடுத்துப் பேச மாட்டாவ. பிரிண்டுக்கு நம்மகிட்ட கொண்டாந்துரு.

பாளை_டிசைனர்:
பிளாஸ்டிக் பவுச் அண்ணாச்சி. சிவகாசிக்குத்தான் போகணும்.

டவுண்_அண்ணாச்சி:
பில் புக்காவது அடிப்பாவள்லா?