ஒரு வயது மகள் மென்று சாப்பிட மறுக்கிறாள், யோசனை சொல்லுங்கள்

வணக்கம். நாங்கள் சிங்கப்பூரில் இருக்கிறோம். எங்கள் மகளுக்குப் போன மாதம் ஒரு வயது முடிந்தது. பலதுறை மருந்தகத்தில் எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா) தடுப்பூசியும் போட்டாயிற்று. இப்போது கவலை சாப்பாட்டைப் பற்றித்தான்.

குழைத்த பருப்புச் சோறு என்றால் உடனே வாயைத் திறக்கிறாள். அதில் சின்ன கேரட் துண்டு தட்டுப்பட்டால் போதும், நாக்காலேயே தேடிப் பிடித்து வெளியே தள்ளிவிட்டு, சோற்றை மட்டும் விழுங்குகிறாள். இட்லியைக் கையில் கொடுத்தால் பிய்த்துப் பிய்த்து நாற்காலிக்குக் கீழே போடுகிறாள். மிக்சியில் அடித்துக் கொடு என்கிறார் மாமியார். எனக்கு மனசு ஒப்பவில்லை. 18 மாதம் ஆனதும் பாலர் பராமரிப்பு நிலையத்தில் பெரிய பிள்ளைகளோடு சேர்த்துவிடுவார்கள், அங்கே தானாக எடுத்துச் சாப்பிட வேண்டுமே!

நடை பற்றி அவ்வளவு பயமில்லை. சோபாவைப் பிடித்துக்கொண்டு நன்றாகவே நடக்கிறாள். உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வுப்படி, தனியாக நடப்பது 8 மாதத்திலும் வரலாம், 17 மாதத்திலும் வரலாம். வாக்கர் வாங்கச் சொல்கிறார்கள், அது விபத்துக்கு வழி, வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

உங்கள் பிள்ளைகள் மென்று சாப்பிடப் பழகியது எப்படி? எந்தக் காய், எந்தப் பதம், எத்தனை பெரிய துண்டு? வேலைக்குப் போகும் அம்மாக்கள் காலை நேரத்தை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். அப்புறம், உட்லண்ட்ஸ் பக்கம் இதே வயதுப் பிள்ளை இருந்தால் சொல்லுங்கள், வார இறுதியில் சேர்ந்து விளையாட விடலாம்.