பழைய வீட்டின்மேல் மாடி எடுக்க அனுமதி: விவரம் அறிந்தோர் உதவவும்

அனைவருக்கும் வணக்கம். காட்பாடியில், வேலூர் மாநகராட்சி எல்லைக்குள், 1,200 சதுர அடி மனையில் என் தந்தையார் 1994இல் கட்டிய தரைத்தள வீட்டின்மேல் 700 சதுர அடியில் ஒரு மாடி எடுக்க எண்ணியுள்ளோம். வெள்ளையடிப்பது, பூச்சு வேலை, தரை மாற்றுவது போன்றவற்றுக்கு அனுமதி தேவையில்லை என்பதும், மாடி எடுப்பதற்குக் கட்டாயம் தேவை என்பதும் 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளைப் படித்த அளவில் புரிகிறது. “பழைய வீடுதானே, யார் கேட்கப் போகிறார்கள்?” என்கிறார் மேஸ்திரி, நாளை வங்கிக் கடனுக்குப் போனால் முதலில் கேட்பது வரைபடத்தைத்தான் என்பது அவர் கவலையில்லை.

என் ஐயம் வேறு. 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வீட்டுக்கு இணையவழியில் உடனடி அனுமதி தரும் சுயசான்றிதழ் திட்டம் 2024 ஜூலையில் வந்ததல்லவா, அது புதுக் கட்டடத்துக்கு மட்டுமா, இத்தகைய கூடுதல் கட்டுமானத்துக்கும் பொருந்துமா? வேலூர், குடியாத்தம், ஆற்காடு பகுதிகளில் அண்மையில் மாடி எடுத்தவர்கள், எந்த ஆவணங்களை இணைத்தீர்கள் என்பதையும், பழைய அடித்தளத்தின் உறுதிக்குப் பொறியாளரின் சான்று கேட்டார்களா என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன். பட்டா இன்னும் தந்தையார் பெயரில்தான் இருக்கிறது. அதை முதலில் மாற்ற வேண்டுமா என்பதையும் சொல்லுங்கள்.