பிலியரி வந்த நாய்க்குப் பூண்டு ரசமா? யார் சொன்னது?

வேருலம்_விஜயா
நேற்று இங்கே ஒருவர் பிலியரி என்கிற உண்ணி நோயைப் பற்றி எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. "பிலியரி வந்த நாயை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள், காசுதான் கரையும். மிளகு, சீரகம், நாலு பல் பூண்டு தட்டிப் போட்டு ரசம் வைத்து, சோற்றைக் குழைத்து ஊட்டுங்கள். எழுந்து வாலாட்டும்." இதுதான் அவர் எழுதியது. அதற்குக் கீழே பாராட்டு மழை வேறு.

நான் இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்து வேருலத்தில் ஒரு கால்நடை மருத்துவமனையின் வரவேற்பில் உட்கார்ந்தே ரிட்டயர் ஆனவள். வெயில் காலம் தொடங்கினால் பிலியரி நாய்களாகத்தான் வரும். வீட்டில் வைத்து வைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் துண்டில் சுற்றித் தூக்கி வருவார்கள். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு காகிதம் மாதிரி வெளுத்திருக்கும். உண்ணி கடித்து உள்ளே போகிற கிருமி, ரத்தத்தின் சிவப்பணுவுக்குள் புகுந்து அதை உடைக்கிறது. பூண்டும் நாயின் அதே சிவப்பணுவைத்தான் கெடுக்கும். சிவப்பணு போதாமல் மூச்சு வாங்கும் நாய்க்கு அந்தப் பூண்டை யார் போடச் சொன்னது?

சாட்ஸ்வர்த்_சாமி
எழுதியது நான்தான். பெயரைச் சொல்லியே கேட்கலாமே தங்கச்சி, ஏன் இந்த "ஒருவர்"? எங்கள் ஆயா கரும்புத் தோட்டத்துக் கூலிக்காரர் குடியிருப்பான பாரக்ஸ் காலத்திலிருந்து நாய் வளர்த்தவர். அப்போது எந்த டாக்டர் வந்தார்? பூண்டு ரசம்தான். எங்கள் டைகரும் பிலியரியில் விழுந்து எழுந்தவன். இன்றைக்கும் கேட்டில் நின்று தபால்காரரை உள்ளே விடமாட்டான்.

வேருலம்_விஜயா
நான் உங்கள் தங்கச்சி இல்லை. டைகருக்கு ஊசி போட்டீர்களா, இல்லையா?

சாட்ஸ்வர்த்_சாமி
பேச்சு பூண்டைப் பற்றி. ஊசியைப் பற்றி நான் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

வேருலம்_விஜயா
எழுதவில்லை, அதனால்தான் கேட்கிறேன்.

மிட்ராண்ட்_முருகு
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மதுரையில் எங்கள் வீட்டு ராஜபாளையத்துக்கு உண்ணிக் காய்ச்சல் வந்தபோது டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுத்தோம், சரியாகிவிட்டது. இங்கே மட்டும் ஏன் இதை இவ்வளவு பெரிதாக்குகிறீர்கள்? பூண்டும் வேண்டாம், ஊசியும் வேண்டாம், மாத்திரை போதாதா?

மாரிட்ஸ்பர்க்_பையன்
முருகு அண்ணா, டாக்ஸிசைக்ளின் கேட்பது எர்லிகியா என்கிற இன்னொரு உண்ணி நோய்க்கு. இங்கே பிலியரியை உண்டாக்குவது பபீசியா ராசை. இது ஆப்பிரிக்காவில் இருக்கும் வகை, நாய்களைத் தாக்கும் பபீசியா வகைகளிலேயே மிகக் கொடியது. இந்தியாவில் வருவது வேறு வகைகள். அங்கே மாத்திரையில் எழுந்த நாயை வைத்து இங்கே கணக்குப் போட முடியாது. இங்கே வைத்தியம் தொடங்காவிட்டால் சில நாட்களில் நாய் போய்விடும்.

மிட்ராண்ட்_முருகு
சரி தம்பி. ஆனால் மதுரை டாக்டர்கள் முட்டாள்கள் என்ற தொனியில் பேச வேண்டாம்.

மாரிட்ஸ்பர்க்_பையன்
நான் எங்கே அப்படிச் சொன்னேன்?

டோங்காட்_தேவி
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பிரின்ஸ் நேற்றிலிருந்து சாப்பிடவில்லை, மூலையில் போய்ப் படுத்துக்கொள்கிறான். இன்று காலை சிறுநீர் கறுப்பாகப் போனது. ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன், 40.6 செல்சியஸ் காட்டுகிறது. பனடோ, அதாவது பாரசிட்டமால், பாதி மாத்திரை கொடுக்கலாமா? மாதக் கடைசி, கையில் பணம் இல்லை.

சாட்ஸ்வர்த்_சாமி
விஜயா அம்மாவுக்கு ஒரு தகவல். 2000-ஆம் ஆண்டில் ஜப்பானில் ஆராய்ச்சி செய்தவர்கள், நாயின் எடை ஒரு கிலோவுக்கு 5 கிராம் பூண்டு என்ற கணக்கில் அதன் சாற்றை ஏழு நாள் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு நாய்க்குக்கூட ரத்தசோகை வரவில்லை. டைகர் 25 கிலோ. அந்தக் கணக்குக்கு அவனுக்கு ஒரு நாளைக்கு 125 கிராம் பூண்டு வேண்டும். நான் போட்டது நாலு பல். என் மகளின் மகன் கம்ப்யூட்டரில் தேடிக் கொடுத்தது இது. ஆயா சொன்னதைத்தான் ஜப்பான்காரனும் சொல்கிறான்.

வேருலம்_விஜயா
பாதியைப் படித்துவிட்டு வந்து பெருமை அடிக்காதீர்கள். அந்த நாய்களின் சிவப்பணுக்கள் சேதமடைந்தன என்றும் அதே ஆராய்ச்சியில்தான் இருக்கிறது. அவை நோயில்லாத நாய்கள், பாதிப்பைத் தாங்கிக்கொண்டன. பிலியரி நாய்க்குத் தாங்குவதற்கு என்ன மிச்சம் இருக்கிறது? நாலு பல்லோ அரைப் பல்லோ, அந்தப் பூண்டை யார் போடச் சொன்னது?

பீனிக்ஸ்_பாபு
நாலு பல் பூண்டில் நாய் செத்தால், எங்கள் தெருவில் கறிக்குழம்புச் சோறு தின்கிற நாய் ஒன்றுகூட உயிரோடு இருக்காது, சிரிப்பு வருகிறது.

மாரிட்ஸ்பர்க்_பையன்
தேவி அக்கா கேட்டதை யாராவது பார்த்தீர்களா?

அக்கா, பனடோ கொடுக்காதீர்கள். அளவு கூடினால் நாயின் கல்லீரலையும் ரத்தத்தையும் கெடுக்கும். இபுப்ரூஃபென் இன்னும் மோசம். ஆஸ்பிரினும் கூடாது. பிலியரியில் ரத்தத் தட்டணுக்கள் ஏற்கனவே குறைந்திருக்கும், ரத்தக் கசிவு வரும். நாய்க்குச் சாதாரணமாக 38-லிருந்து 39.2 வரை இருக்கும். 40.6-ம் கறுப்புச் சிறுநீரும் சேர்ந்தால் இன்று ராத்திரிக்குத் தள்ளக்கூடாது. ஈறை விரலால் அழுத்திவிட்டு எடுங்கள். நிறம் இரண்டு விநாடிக்குள் திரும்பி வரவேண்டும். வெளுத்தோ மஞ்சளாகவோ இருந்தால் இப்போதே கிளம்புங்கள். பணம் இல்லையென்றால் பக்கத்து விலங்கு நலச் சங்கமான எஸ்பிசிஏ-வுக்கு ஃபோன் செய்து நிலைமையைச் சொல்லுங்கள். தனியார் டாக்டரிடமும் தவணையில் கட்டலாமா என்று வெட்கப்படாமல் கேளுங்கள்.

பீனிக்ஸ்_பாபு
எதற்கு எஸ்பிசிஏ? பண்ணைக் கடையில் பெரெனில் என்கிற பிலியரி ஊசி மருந்தை வாங்கி நான் என் நாய்களுக்கு நானே போட்டுவிடுவேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

வேருலம்_விஜயா
பூண்டுக்காரரை முடிப்பதற்குள் ஊசிக்காரர் வந்துவிட்டார்! பாபு, அது மாட்டுக்கும் போடுகிற மருந்து. நாய்க்கு ஒரு கிலோவுக்கு 3.5 மில்லிகிராம்தான் கணக்கு. கண்ணால் பார்த்து "இருபது கிலோ இருக்கும்" என்று சிரிஞ்சை நிரப்பினால், கூடிப்போன மருந்து மூளையில் ரத்தக்கசிவை உண்டாக்கும். நாய் தள்ளாடும், தலையைப் பின்னுக்கு வளைக்கும், அதற்கப்புறம் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அப்படி வந்த நாய்களை என் மேசைக்கு முன்னாலேயே பார்த்திருக்கிறேன். ரத்தம் ஏற்ற வேண்டிய நாயா என்று பார்க்க உங்கள் வீட்டில் மிஷின் இருக்கிறதா?

பீனிக்ஸ்_பாபு
நாய் என்னுடையது, ஊசி என்னுடையது. ரிசப்ஷனில் உட்கார்ந்தவர்கள் எல்லாம் எப்போதிலிருந்து டாக்டர் ஆனார்கள்?

சாட்ஸ்வர்த்_சாமி
அதைக் கேளுங்கள் பாபு! ஓண்டர்ஸ்டீபூர்ட் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு வந்தவர்கள்கூட இவ்வளவு அதட்டுவதில்லை.

வேருலம்_விஜயா
அதட்டுவது இருக்கட்டும். டைகருக்கு ஊசி போட்டீர்களா, இல்லையா? இன்னும் பதில் வரவில்லை.

மிட்ராண்ட்_முருகு
டர்பன்காரர்கள் எல்லாவற்றுக்கும் "எங்கள் ஆயா" என்று தொடங்கினால் யாரும் எதிர்த்துப் பேச முடியாது. அறிவியல் என்று ஒன்று இருக்கிறது.

சாட்ஸ்வர்த்_சாமி
வாருங்கள் முருகு சார். எங்கள் ஆட்கள் 1860-ல் ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கி, கரும்பு வெட்டி, கோயில் கட்டி, இந்த மண்ணில் பெயர் வாங்கியவர்கள். நீங்கள் நேற்று விமானத்தில் வந்து, சுற்றிலும் மின்வேலி போட்ட குடியிருப்புக்குள் உட்கார்ந்துகொண்டு எங்களுக்குப் பாடம் எடுக்கிறீர்கள். அந்த வேலியைத் தாண்டி உண்ணி வந்திருக்குமா?

மிட்ராண்ட்_முருகு
கப்பலில் வந்தவர்கள் பூண்டு மூட்டையோடுதான் வந்தார்களா?

டோங்காட்_தேவி
ஈறு வெளுப்பாகத்தான் இருக்கிறது. மாமனார் இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு ரசம் வைக்கச் சொல்கிறார். எதைக் கேட்பது என்றே தெரியவில்லை.

வேருலம்_விஜயா
பார்த்தீர்களா சாமி அண்ணா, உங்கள் ரசம் டோங்காட் வரைக்கும் போய்விட்டது! தேவி, அடுப்பை அணை. மாமனாரிடம் நான் சொன்னேன் என்று சொல். நாயைக் காரில் ஏற்று. நடத்திக் கூட்டிப்போகாதே, தூக்கிக்கொண்டு போ. ரத்தம் குறைந்த நாய் நாலடி நடந்தாலும் இதயம் திணறும்.

வீட்டு வைத்தியம் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. ஊசி போட்டு, தேவைப்பட்டால் ரத்தமும் ஏற்றி, டாக்டர் வீட்டுக்கு அனுப்புகிறாரே, நம் வேலை அங்கேதான் தொடங்குகிறது. அதையும் ஒழுங்காகச் செய்வதில்லை. வாயைத் திறந்து, தலையை அண்ணாந்து பிடித்துக்கொண்டு ஊற்றுகிறார்கள். அது நுரையீரலுக்குப் போய் நிமோனியாவில் முடியும். தலை சாதாரணமாக இருக்கட்டும். கடைவாய்ப் பக்கம் கன்னத்தை லேசாக வெளியே இழுத்தால் பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவே சின்ன இடம் கிடைக்கும். ஊசி கழற்றிய சிரிஞ்சை அங்கே வைத்துக் கொஞ்சமாக விடு. நாக்கு அசைந்து விழுங்குவது தெரிந்த பிறகுதான் அடுத்தது. கோழியை வெறும் தண்ணீரில் வேகவைத்த சாறு போதும். உப்பு வேண்டாம், வெங்காயம் வேண்டாம். பூண்டைப் பற்றி நான் சொல்லவே வேண்டியதில்லை. எழ முடியாமல் கிடந்தால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப்போடு. இடுப்பெலும்பும் தோளும் தரையில் அழுந்துகிற இடத்தில் புண் வரும். சிறுநீரின் நிறத்தைத் தினமும் பார். வெள்ளைத் துணியில் ஒற்றி எடுத்தால் நன்றாகத் தெரியும்.

சாட்ஸ்வர்த்_சாமி
கோழிச்சாறு போகலாம், ரசம் போகக்கூடாதா? மிளகு சேர்த்தால் பசி எடுக்கும்.

வேருலம்_விஜயா
குமட்டலில் படுத்திருக்கிற நாய்க்கு மிளகும் புளியுமா? வாந்திதான் எடுக்கும். ஊசி?

சாட்ஸ்வர்த்_சாமி
சரி, போட்டோம். பக்கத்தில் ஒரு டாக்டர் போட்டார். ஊசி போட்டும் டைகர் அப்படியேதான் கிடந்தான். அன்றைக்கு ராத்திரி ரசம் கொடுத்தேன், மறுநாள் காலையில் எழுந்து நின்றான். ஊசியா எழுப்பியது? நேரில் பார்த்தவன் சொல்கிறேன், ரசம்தான்.

வேருலம்_விஜயா
ஆஹா! ஊசி போட்டதை விட்டுவிட்டு ரசத்தை மட்டும் ஊருக்கே எழுதிவிட்டீர்கள்! "டாக்டரிடம் ஓடாதீர்கள்" என்று எழுதியவர் ஓடியிருக்கிறார். ஊசி வேலை செய்ய ஒரு ராத்திரி ஆகாதா?

சாட்ஸ்வர்த்_சாமி
ஓடவில்லை. மெதுவாகத்தான் போனோம்.

மாரிட்ஸ்பர்க்_பையன்
ஒன்று சொல்லட்டுமா? நாலு பல் பூண்டில் அந்த நாய் செத்திருக்காது, பிழைத்தும் இருக்காது. பிரச்சினை ரசம் வைக்கிற நேரம்தான். அது வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டே இரண்டு நாள் போய்விடுகிறது. பூண்டை விட்டுவிடுங்களேன்.

வேருலம்_விஜயா
பூண்டை எப்படி விடுவது? பூண்டில்தானே எல்லாம் தொடங்கியது?

சாட்ஸ்வர்த்_சாமி
தம்பியே ஒத்துக்கொண்டார், பூண்டால் நாய் சாகாது என்று. எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள்.

பீனிக்ஸ்_பாபு
பூண்டு கொடுத்தால் உண்ணியே ஏறாது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அதற்கு என்ன சொல்கிறீர்கள் விஜயா அம்மா?

வேருலம்_விஜயா
உண்ணியைத் தடுக்க மாதாமாதம் முதுகில் விடுகிற மருந்தும் மாத்திரையும் இருக்கின்றன. பூண்டு நம்பிக்கையில் இருந்தவர்கள்தான் என் மேசைக்கு வரிசையில் வந்தார்கள். இன்னும் சிலர் உண்ணி போகட்டும் என்று கறுப்பு ஃபினாயிலில் நாயைக் குளிப்பாட்டுவார்கள். தோல் வெந்து, நக்கியதில் விஷம் ஏறி வரும். அடுத்து அதையும் யாராவது இங்கே எழுதுவீர்கள், காத்திருக்கிறேன்.

பீனிக்ஸ்_பாபு
இவருக்கு நாய் என்றால் போதும், மனிதன் ஒன்றுமே செய்யக்கூடாது. போன தீபாவளிக்கு நாய் பயப்படுகிறது என்று பட்டாசே வேண்டாம் என்று எழுதியதும் இவர்தான். வருஷத்துக்கு ஒரு நாள்!

வேருலம்_விஜயா
ஒரு நாளா? உங்கள் பீனிக்ஸில் ஒரு வாரம் வெடிக்கிறார்கள். அதைப் பேச வேறு நாள் வருகிறேன், ஆதாரத்தோடு.

சாட்ஸ்வர்த்_சாமி
ஆட்டுக்கறியில் தக்காளி போடக்கூடாது என்று போன மாதம் நாள் முழுக்கச் சண்டை பிடித்ததும் இதே அம்மாதான். தக்காளி கூடாது, பட்டாசு கூடாது, பூண்டு கூடாது.

மிட்ராண்ட்_முருகு
தக்காளி விஷயத்தில் அவர் சொன்னது சரி.

சாட்ஸ்வர்த்_சாமி
கறி வைக்கத் தெரியாத ஊர்க்காரர் அதற்கும் வந்துவிட்டார்.

டோங்காட்_தேவி
டாக்டரிடம் வந்துவிட்டோம். பிலியரிதான் என்கிறார்கள். ரத்தம் ஏற்ற வேண்டியிருக்குமாம், இன்னொரு நாயின் ரத்தத்தைப் பொருத்திப் பார்க்கிறார்கள். பாதிப் பணம் இப்போது, மீதி சம்பளம் வந்ததும் என்று ஒத்துக்கொண்டார்கள். பையன் தம்பிக்கு நன்றி.

வேருலம்_விஜயா
எனக்கு நன்றி கிடையாதா? இருக்கட்டும். தேவி, டாக்டர் கேட்பார், வீட்டில் என்ன கொடுத்தாய் என்று. பூண்டு ஏதாவது உள்ளே போயிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடு.

டோங்காட்_தேவி
மாமனார் இரண்டு கரண்டி ஊட்டிவிட்டார் அக்கா, நான் பார்ப்பதற்குள்.

சாட்ஸ்வர்த்_சாமி
அப்படியானால் பிரின்ஸ் பிழைத்துவிடுவான். நாளைக்கு எழுந்து நிற்கும்போது எதனால் நின்றான் என்று இங்கே வந்து எழுதுங்கள், விஜயா அம்மா.

வேருலம்_விஜயா
ஏறப்போகிற ரத்தத்துக்கும் உங்கள் ஆயா பெயரையே வைத்துவிடுங்கள் சாமி அண்ணா. அந்த இரண்டு கரண்டியில் எத்தனை பல் பூண்டு என்று மட்டும் மாமனாரைக் கேட்டுச் சொல், தேவி.