மெலிந்த ராக்கெட்டுக்குள் பாராசூட் கயிற்றை எங்கே கட்டுவது?

வணக்கம் நண்பர்களே. ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரிலிருந்து எழுதுகிறேன். எச் வகை மோட்டாருக்காக (மாதிரி ராக்கெட்டை உந்தும் எரிபொருள் மோட்டாரில் ஒரு திறன் வகை) ஃபைபர்கிளாஸ் குழாயில் ஒரு ராக்கெட் கட்டி வருகிறேன். 38 மில்லிமீட்டர் மோட்டார் நேராக உடற்குழாய்க்குள்ளேயே உட்காருகிறது. அதனால் கயிற்றைக் கட்ட வழக்கமாகப் பயன்படும் மைய வளையத்துக்கு, அதாவது மோட்டாரைக் குழாயின் நடுவில் பிடிக்கும் வளையத்துக்கு, இடமே இல்லை.

கெவ்லர் என்ற வலுவான செயற்கை இழைக் கயிற்றின் நுனியைப் பிரித்து உட்சுவரில் எப்பாக்சியால் ஒட்டினேன். கை நுழையாத குழாய். நீளக் குச்சியில் பசையைத் தடவி, கண்ணால் பார்க்காமல் செய்த வேலை. போன வாரம் தரையில் வைத்து பாராசூட்டை வெளியே தள்ளும் வெடிமருந்தைச் சோதித்தபோது, மூக்குக்கூம்பு கயிற்றை வேரோடு பிய்த்துக்கொண்டு போய்விட்டது. சுவரை உப்புத்தாளால் போதுமான அளவு தேய்க்காதது என் தவறு.

இப்போது மோட்டாரின் முன்மூடியில் துருப்பிடிக்காத எஃகு வளைய போல்ட்டைத் திருகலாமா என்று யோசிக்கிறேன். உப்புக்காற்றில் சாதாரண இரும்பு நிற்காது. ஆனால் மோட்டார் பின்பக்கம் நழுவினால் கயிறும் பாராசூட்டும் அதோடு போகும். உடற்குழாய் தனியே விழும். மோட்டாருக்கு மேலே தடுப்புத் தட்டு ஒட்டினால், பின்னாளில் நீளமான மோட்டார் நுழையாது.

மீன்பிடிக்கப் போகும் சித்தப்பா கயிற்றைப் பார்த்துவிட்டு, "முடிச்சுப் போடாதே, பின்னிச் சேர், முடிச்சில் பலம் குறையும்" என்றார். அதை அப்படியே ஏற்றுக்கொண்டேன்.

இந்த அளவுக் குழாயில் கட்டியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? போல்ட் போட்டவர்கள் மோட்டாரை எப்படிப் பிடித்து நிறுத்தினீர்கள்? கயிறு குழாயின் விளிம்பை அறுக்காமலிருக்க என்ன செய்தீர்கள்? கரையில் வலை உலர்த்துகிற மனிதர்கள் இருக்கிறார்கள். தரைச் சோதனை தேறும்வரை பறக்கவிட அனுமதிகூடக் கேட்கமாட்டேன்.