பாலம் தூக்கிய பிறகு: செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் சந்தித்தவர்கள்

(ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்துக்குப் போய்வந்த நான்கு பேர், புனைபெயர்களில், பகிர்ந்துகொண்ட அனுபவங்கள்.)

நடைவண்டி:

அந்த ஊர்க் கட்டடங்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் ஒரு தாத்தாவைப் பற்றி எழுதுகிறேன்.

ஜூன் கடைசி வாரம். அறை எடுத்திருந்தது வசீலியெவ்ஸ்கி தீவில். நேவா ஆற்றுப் பாலங்களை நள்ளிரவுக்குப் பிறகு தூக்குவார்கள், சரக்குக் கப்பல்கள் அப்போதுதான் கடக்கும் என்று படித்திருந்தேன். அரண்மனைப் பாலம் எழும்புவதைப் பார்க்க குளிர்கால அரண்மனைப் பக்கத்துக் கரையில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றேன். மணி ஒன்றைத் தாண்டியும் வானம் முழுதாக இருட்டவில்லை, நம் ஊரில் விளக்கு வைக்கிற நேரம் போல இருந்தது. பாலம் நடுவில் பிளந்து, தார்ச்சாலையும் விளக்குக் கம்பமும் அப்படியே செங்குத்தாக எழுந்தன. அந்த இடைவெளியில் தூரத்தில் பீட்டர் பால் தேவாலயத்தின் ஊசிக் கோபுரம், 122 மீட்டர் உயரம். எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். தட்டி முடித்த பிறகுதான் உறைத்தது, என் அறை ஆற்றுக்கு அந்தப் பக்கம்.

மெட்ரோ மூடியாயிற்று. சுற்றுவழியில் கொண்டுபோய் விட ஒரு டாக்சிக்காரர் கேட்ட தொகையில் இரண்டு நாள் சாப்பிடலாம். சரி, விடியும்வரை உட்கார்ந்துவிடுவோம் என்று செம்புச் சிங்கங்கள் இருக்கும் படித்துறைக்கு இறங்கினேன். அங்கே ஒரு தாத்தா தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார், பக்கத்தில் பிளாஸ்டிக் வாளி. என்னைப் பார்த்தார், பாலத்தைப் பார்த்தார், தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு வாளித் தண்ணீரில் விரலை நனைத்து கிரானைட் படியில் 2.50 என்று எழுதினார்.

இருநூற்றைம்பது ரூபிள் கேட்கிறார், எதற்கென்று தெரியவில்லை. வேண்டாம் என்று கையசைத்தேன். அவர் எரிச்சலோடு பக்கத்திலேயே 3.10 என்று எழுதினார். விலையை ஏற்றுகிறாரே! இரண்டு கையையும் விரித்து, பணமே இல்லை என்று காட்டினேன். அவர் ஏதோ சொன்னார். திட்டுதான், அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

இரண்டே முக்காலுக்கு மேல் என் சட்டைக் கையைப் பிடித்து எழுப்பினார். திரும்பிப் பார்த்தால் பாலம் இறங்கிக்கொண்டிருக்கிறது. இரண்டு ஐம்பதிலிருந்து மூன்று பத்துவரை, இருபது நிமிடம் மட்டும் இறக்கி, மறுபடி ஐந்து மணிவரை தூக்கிவிடுவார்களாம். இது தெரியாமல் நான் பேரம் பேசியிருக்கிறேன். ஓட்டமும் நடையுமாகக் கடந்தேன். நன்றி என்பதற்கு ரஷ்யச் சொல் 'ஸ்பசீபா' பாதிப் பாலத்தில்தான் நினைவுக்கு வந்தது. (நீங்கள் போகும்போது அந்த வருடத்து நேர அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள், பாலத்துக்குப் பாலம் மாறும்.)

கம்பளி:

நான் அந்த நாட்டில் மருத்துவம் படித்தவள். வேறு ஊரில் படிப்பு, குளிர்கால விடுமுறைக்கு பீட்டர்ஸ்பர்க். உங்களுக்கு ஒரு தாத்தா என்றால் எனக்கு ஒரு பாட்டி.

மொய்க்கா கால்வாய்க் கரையில் 12ஆம் எண் வீடு, கவிஞர் புஷ்கின் கடைசியாகக் குடியிருந்தது. துப்பாக்கிச் சண்டையில் குண்டடிபட்டு 1837இல் அங்கேதான் இறந்தார். ரஷ்யாவில் எந்த அருங்காட்சியகமானாலும் முதலில் கோட்டைக் கழற்றி மாட்டுமிடத்தில் கொடுக்க வேண்டும். கோட்டின் கழுத்துப்பட்டிக்கு உள்ளே ஒரு துணி வளையம் இருக்குமே, கொக்கியில் மாட்ட, என் கோட்டில் அது அறுந்து மாதக்கணக்காகியிருந்தது. மாட்டுமிடத்தில் இருந்த பாட்டி கோட்டைத் தூக்கிப் பிடித்து, வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி, இதை எதில் தொங்கவிடுவது, உனக்கு அம்மா இல்லையா என்று ஆரம்பித்தார். எனக்கு ரஷ்யன் புரியும் என்பது அன்றைக்குத்தான் வருத்தமாக இருந்தது.

உள்ளே படிப்பறை. சுவர் கொள்ளாத புத்தகம். கடிகாரத்தை 2.45இல் நிறுத்தி வைத்திருக்கிறார்கள், அவர் உயிர் பிரிந்த நேரம். ஓர் அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த காவல் பாட்டி (ஆமாம், அறைக்கு ஒருவர்) என்னைக் கூப்பிட்டு, வலது பக்கமிருந்து பாரம்மா, வெளிச்சம் படும் என்றார். திரும்பி வந்து கோட்டை வாங்கினால் வளையம் தைக்கப்பட்டிருந்தது. பழுப்புக் கோட்டில் நீல நூல், நல்ல நெருக்கமான தையல். நன்றி சொன்னதற்கு, தொப்பி எங்கே, காதை மூடு என்று அடுத்த திட்டு. கோட்டு போயே போய்விட்டது, அந்த வளையத்தை மட்டும் வெட்டி வைத்திருக்கிறேன்.

வாய்க்கு ருசி:

இரண்டு பேரும் சாப்பாட்டைச் சொல்லவில்லையே. மே மாதம் போனால் 'கொருஷ்கா' என்று ஒரு மீன். விரல் நீளத்துக்குக் கொஞ்சம் கூட. பச்சையாக முகர்ந்தால் அப்படியே வெள்ளரிக்காய் வாசனை, சந்தையில் தூரத்திலிருந்தே வரும். மாவில் புரட்டி முள்ளோடு பொரிப்பார்கள். நெத்திலி தின்று வளர்ந்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மிளகாய்த்தூள் மட்டும் நீங்களே கொண்டுபோங்கள்.

ஏட்டுச்சுவடி:

குளிர்கால அரண்மனையில் இருக்கும் எர்மிட்டாஜ் அருங்காட்சியகத்துக்கு இரண்டு நாள் கொடுத்தேன், முப்பது லட்சத்துக்கும் மேல் பொருட்கள், காட்சியில் இருப்பதைப் பார்த்தே கால் வீங்கியதுதான் மிச்சம். மனதில் நின்றது எதிர்க்கரையில் இருக்கும் குன்ஸ்ட்கமேரா. ரஷ்ய மன்னர் மகா பீட்டர் தொடங்கிய அருங்காட்சியகம். எல்லோரும் கண்ணாடிக் குடுவைகளில் வைத்திருக்கும் கருக்களைப் பார்க்கத்தான் போகிறார்கள், நானும் அதற்குத்தான் போனேன். அங்கே பணியிலிருந்த ஒரு முதிய பெண்மணி ஆங்கிலத்தில், இந்தியாவா, இந்தி பேசுவீர்களா என்றார். தமிழ் என்றேன். "ஓ, மெர்வார்ட்!" என்றார்.

நான் விழித்தேன், அவர் சொன்னார். அலெக்சாண்டர் மெர்வார்ட், லுத்மிலா மெர்வார்ட் என்ற தம்பதி. 1914இல் இந்த அருங்காட்சியகத்துக்காக இலங்கைக்கும் இந்தியாவுக்கும் புறப்பட்டு, உலகப் போர் நடந்த ஆண்டுகளில் அங்கேயே சுற்றிப் பொருட்கள் சேர்த்தவர்கள். கணவர் திரும்பி வந்து பேச்சுத் தமிழுக்கு ரஷ்ய மொழியில் இலக்கணம் எழுதினார், 1929இல் வெளிவந்தது. மறு வருடமே கைது. 1932இல் சிறை முகாமில் இறந்துவிட்டார். பேச்சுத் தமிழ்! நம் ஆட்கள் அதை இலக்கணம் எழுதத் தகுந்ததாகவே நினைக்காத காலம். அந்த அம்மா என் பெயரைத் தமிழில் எழுதித் தரச் சொல்லி வாங்கி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கம்பளி:

நடைவண்டி அண்ணா, அந்தத் தாத்தாவின் வாளியில் மீன் இருந்ததா?

நடைவண்டி:

எட்டிப் பார்த்தேன் தங்கச்சி. தண்ணீர் மட்டும்தான்.