முகமூடிக்காரரைக் கண்டவர்கள்: கிளேட்டன் மூர் பற்றிய அனுபவப் பகிர்வு

லாஸ் ஏஞ்சலிஸின் வடமேற்கு ஓரத்தில் இருக்கும் சாட்ஸ்வொர்த்துக்கு நாங்கள் குடிவந்த புதிதில், வீட்டருகே தெரிந்த மணற்பாறைக் குன்றுகளை நான் பொருட்படுத்தியதே இல்லை. ஒருநாள் மாலை நடைக்குத் துணையாக வந்த பக்கத்து வீட்டுப் பெரியவர், தனித்து நின்ற ஒரு பாறையைக் காட்டி, "அந்த வெள்ளைக் குதிரை முன்னங்கால்களைத் தூக்கி நின்றது இதன் பக்கத்தில்தான்" என்றார். முகமூடி அணிந்து வெள்ளைக் குதிரையில் வரும் கௌபாய் நாயகன் லோன் ரேஞ்சரின் பெயரால், லோன் ரேஞ்சர் பாறை என்றே அதற்குப் பெயர். ஐவர்சன் குடும்பத்தின் பண்ணையாக இருந்த அந்த நிலத்தில் எடுக்கப்பட்ட கௌபாய் படங்களுக்குக் கணக்கில்லை. இன்று 118ஆம் எண் நெடுஞ்சாலை அதை ஊடறுத்துச் செல்கிறது. 1949 செப்டம்பர் 15 அன்று ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கிய லோன் ரேஞ்சர் தொடரின் முகப்பில், இத்தாலிய இசையமைப்பாளர் ரோசினியின் இசை முழங்க, அந்த வேடத்தில் நடித்த கிளேட்டன் மூர் குதிரையேறி வந்தது அங்கேதான்.

பெரியவர் மூரை இருமுறை நேரில் பார்த்திருக்கிறார். முதல் முறை 1950களின் இறுதியில், தொடர் முடிந்தபின், பெரியவர் வளர்ந்த சிற்றூரின் கடைத் திறப்பு விழா ஒன்றில். அப்போது அவருக்கு ஒன்பது வயது. கடும் வெயிலில் வரிசையில் நின்று தம் முறை வந்தபோது, முகமூடியின் கீழ் விளிம்பிலிருந்து வியர்வை கன்னத்தில் வழிவதைப் பார்த்ததாகவும், அந்த மனிதர் கைக்குட்டையால் விளிம்புவரை மட்டும் ஒற்றிக்கொண்டாரே தவிர, முகமூடியைச் சற்றும் தூக்கவில்லை என்றும் சொன்னார். தொலைக்காட்சியில் கேட்ட அதே கனத்த குரலில் அவர் பெயர் கேட்டபோது, பையனுக்குத் தன் பெயரே மறந்துவிட்டதாம். அந்தக் குரலும் பயின்று வந்ததுதான். லோன் ரேஞ்சர் 1933இல் டெட்ராய்ட் வானொலியில் பிறந்த கதை. வானொலியில் லோன் ரேஞ்சராக நீண்ட காலம் பேசி வந்த பிரேஸ் பீமரின் குரலுக்குப் பழகிப்போன காதுகளை ஏமாற்றக் கூடாது என்று மூர் தம் குரலைத் தாழ்த்திப் பயிற்சி செய்திருந்தார்.

1914இல் சிகாகோவில் பிறந்து, சிறுவயதிலேயே ஊஞ்சல் வித்தை பழகி, பிறகு விளம்பர மாடலாகி, 1940களில் ரிபப்ளிக் நிறுவனத்தின் குறைந்த செலவில் எடுத்துத் திரையரங்குகளில் பகுதி பகுதியாகக் காட்டிய தொடர்படங்களில் அடிதடிக் காட்சிகளில் உருண்டு புரண்டவர் அவர். 1949இல் வெளிவந்த தொடர்படம் ஒன்றில் ஸோரோ என்ற முகமூடி வீரனின் வாரிசாக முகமூடி அணிந்ததே லோன் ரேஞ்சர் வேடத்தைப் பெற்றுத் தந்தது. சுற்றுப்பயணங்களில் இந்த ஒரே வேடத்தை அவர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சுமந்தார் என்பதே என்னை வியக்க வைக்கிறது.

பெரியவர் அவரை இரண்டாம் முறை பார்த்தது 1980 வாக்கில், ஒரு கண்காட்சியில். அதே வெள்ளைத் தொப்பி, அதே உடை. ஆனால் கண்களில் முகமூடிக்குப் பதிலாகப் பக்கவாட்டையும் மறைக்கும் பெரிய கறுப்புக் கண்ணாடி. புதிய திரைப்படம் ஒன்றுக்கு ஏற்பாடு நடந்ததால், லோன் ரேஞ்சர் பாத்திரத்தின் உரிமையாளரான ஜாக் ராதர் 1979இல் நீதிமன்றத் தடை வாங்கியிருந்தார். பொது இடங்களில் மூர் முகமூடி அணியக் கூடாது என்பது உத்தரவு. பாத்திரம் ராதருடைய சொத்து என்பதால் சட்டம் அவர் பக்கம் இருந்ததை மறுப்பதற்கில்லை. இருந்தாலும் அறுபத்தைந்தை எட்டிய மனிதரிடமிருந்து ஒரு துண்டுத் துணியைப் பிடுங்கியது வியாபார அறிவாகவும் எனக்குத் தோன்றவில்லை. 1981இல் வெளிவந்த அந்தப் படம் படுதோல்வி அடைந்தது. புதிய நாயகனின் வசனங்களையே வேறொரு நடிகரைக் கொண்டு பேச வைக்க வேண்டியிருந்தது. 1984இல் வழக்கு கைவிடப்பட்டு, முகமூடி மூரிடம் திரும்பி வந்தது.

* * *

மேலே எழுதியவர் விட்டுவிட்ட ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். கலைஞர்களைக் கௌரவிக்க நட்சத்திரங்கள் பதிக்கும் ஹாலிவுட் நடைபாதையில் 1987இல் பதிக்கப்பட்ட மூரின் நட்சத்திரத்தை என் மகனுடன் தேடிப் போனேன், அதில் நடிகரின் பெயரோடு பாத்திரத்தின் பெயரும் இருப்பதைக் கண்டு, "இரண்டு பேருக்கு ஒரே நட்சத்திரமா?" என்று அவன் கேட்டான். கேள்வி நியாயமானது. முகத்தை மறைத்த பாத்திரத்துக்கு யாரை வேண்டுமானாலும் போடலாம் என்று தயாரிப்பாளர்கள் ஒருமுறை கணக்குப் போட்டு, மூரை விலக்கி, 52 பகுதிகளில் ஜான் ஹார்ட்டை நடிக்க வைத்தார்கள். நேயர்கள் ஏமாறவில்லை, மூர் 1954இல் திரும்ப அழைக்கப்பட்டு, 1957இல் தொடர் முடியும்வரை நடித்தார். மொத்தம் 221 பகுதிகளில் அவர் நடித்தவை 169.

* * *

நான் கனடாவில், ஒன்டாரியோவின் பிரான்ட்ஃபோர்ட் அருகே வசிக்கிறேன். இதுவரை எழுதிய இருவரும் குதிரையில் பக்கத்திலேயே வந்தவரை ஒரு வரிகூடக் குறிப்பிடாதது சற்று வருத்தமாக இருக்கிறது. லோன் ரேஞ்சரின் பூர்வகுடித் தோழன் டோன்டோவாக நடித்த ஜே சில்வர்ஹீல்ஸ், இங்கிருக்கும் சிக்ஸ் நேஷன்ஸ் பூர்வகுடி நிலத்தில் 1912இல் பிறந்த மோஹாக் இனத்தவர். மூர் நீங்கியிருந்த காலத்திலும் டோன்டோ அவரே. இயல்பாக நல்ல ஆங்கிலம் பேசக்கூடிய அவரை, வினைச்சொல் முறிந்த அரைகுறை ஆங்கிலம் பேச வைத்தார்கள். டோன்டோ என்ற சொல்லுக்கு ஸ்பானிய மொழியில் முட்டாள் என்று பொருள். மூர் வேடத்தை விரும்பி அணிந்துகொண்டார், தடை வந்தபோது வழக்காடவும் செய்தார். சில்வர்ஹீல்ஸுக்குக் கழற்றி வைக்க முகமூடியே இல்லை. அவர் 1960களில் லாஸ் ஏஞ்சலிஸில் பூர்வகுடி இளைஞர்களுக்கு நடிப்புப் பயிலகம் தொடங்கினார். 1979இல் அவருக்கும் நடைபாதையில் நட்சத்திரம் கிடைத்தது. அடுத்த ஆண்டு காலமானார்.

என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் சிக்ஸ் நேஷன்ஸைச் சேர்ந்தவர். அவருடைய வீட்டில் யாரும் லோன் ரேஞ்சர் என்று சொல்ல மாட்டார்களாம். அது எப்போதும் "நம்ம ஆள் வரும் தொடர்"தான். 1930களில் சில்வர்ஹீல்ஸ் வலை கட்டிய கோலால் பந்தாடும் லக்ராஸ் விளையாட்டில் தொழில்முறை ஆட்டக்காரராக இருந்ததை நேரில் பார்த்த அவருடைய தாத்தாவுக்குத் தொலைக்காட்சியில் ஒரே ஒரு குறைதான் இருந்ததாம்: "கால் இருக்கிற வேகத்துக்கு, இவனை ஏன் குதிரையில் உட்கார வைத்தார்கள்?"